செல்வியின் ரத்தம் ஜெர்மனிக்கு வந்த கதை

1

போன வாரம் என் மகள் மலர் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் குடும்ப மரத்தை வரைந்து கொண்டுபோக வேண்டும். இவளும் என்னிடம் கேட்டுக் கேட்டு, பெயர் எழுதி, கோடு போட்டு, கலர் அடித்துக் கொண்டுபோயிருந்தாள். மற்ற பிள்ளைகளின் மரங்களில் கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் விரிந்துகொண்டே போக, எங்கள் மரத்தில் ஒரு கிளை வளைந்து வந்து இன்னொரு கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் அக்கா அஞ்சலை, எங்கள் அப்பாவின் தங்கை மகனைக் கட்டிக்கொண்டவள். ஜெர்மன் டீச்சர் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, "எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது, வீட்டில் விசாரித்து வா" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு தவறும் இல்லை, அரியலூர் பக்கம் வந்து பார்த்தால் தெருவுக்கு நாலு மரம் இப்படித்தான் இருக்கும் என்றேன். மலர் விடவில்லை. பாதித் தமிழும் பாதி ஜெர்மனுமாகக் கேட்டாள்: "பழனி சித்தப்பாவும் செல்வியும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்கன்னு சொன்னீங்களேப்பா, அதுக்குக் கோடு எங்கே போடறது?"

பழனி என் தம்பி. செல்வி அஞ்சலை அக்காவின் மகள். அந்தக் கோட்டைப் பற்றி நினைத்து நினைத்தே இந்த வருஷம் முழுக்கத் தூக்கம் கெட்டவன் நான். குழந்தைக்குச் சொல்ல முடியாததை ஊரில் இருக்கும் உங்களுக்காவது சொல்லலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் என் பிழைப்பைப் பற்றி. தா.பழூருக்குப் பக்கத்தில், அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம் எங்களுடையது. சர்க்கார் ஸ்காலர்ஷிப்பில் திருச்சியில் படித்து, பேராசிரியர் ஒருவரின் சிபாரிசில் மேற்கு ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் ஊரில் டாக்டர் என்று நினைக்கிறார்கள். போன லீவில்கூட ஒருவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பது மட்டும்தான்.

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு நீளமான எழுத்துச் சரம் இருக்கிறது. நமக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அதற்கு நாலே எழுத்து. ஏ, சி, ஜி, டி. இந்த நாலும் முன்னும் பின்னுமாக மாறி மாறி வருவதில்தான் கண்ணின் நிறமும் ரத்தத்தின் சிவப்பும் அடங்கியிருக்கின்றன. அதை வாசிக்க எக்ஸ்ரே படம் போல ஒரு பிலிம் எடுப்போம். அதில் எழுத்துக்கு ஒன்றாக நாலு பத்தி, பத்திகளில் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். கீழிருந்து மேலே, அடுத்த கோடு எந்தப் பத்தியில் வருகிறதோ அதுதான் அடுத்த எழுத்து. விளக்குப் பெட்டியின் மேல் பிலிமை வைத்து நான் வாசிக்க, கூட வேலை செய்யும் உர்சுலா கணிப்பொறியில் தட்டுவாள். பிறகு இடம் மாறி உட்கார்ந்து அவள் வாசிக்க நான் தட்டுவேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும்.

வாசிப்பது பாதி வேலை. மீதிப் பாதி ஒப்பிடுவது. கிடைத்த வரிசையை, ஏற்கெனவே சரியென்று தெரிந்த மாதிரி வரிசைக்குக் கீழே வைத்து எழுத்துக்கு எழுத்துப் பார்க்க வேண்டும். கீழ் வரிசையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் அதற்கப்புறம் எல்லாமே இடம் மாறி ஒன்றுகூட ஒட்டாது. அப்போது கணிப்பொறி, விட்டுப்போன இடத்தில் ஒரு சிறு கோட்டைப் போட்டு மற்றதை நகர்த்திப் பார்க்கும். எங்கே நகர்த்தினால் அதிகம் ஒத்துப்போகிறது என்று தேடும். பச்சை எழுத்துகள் திரையில் நகர்வதைப் பார்த்தபடி காப்பியைக் குடிக்கலாம், அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ஓர் எழுத்து போனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். உடம்பு இந்தச் சரத்தை மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கிறது. 'மரம் வயல் படம் கடல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மூன்று மூன்றாக வாசியுங்கள். 'மம்வ யல்ப டம்க டல்' என்று வரும். மூன்று எழுத்து சேர்ந்தாற்போல் போனாலாவது ஒரு சொல் போய் மற்றது பிழைக்கும். ஒன்றோ, இரண்டோ, நான்கோ போனால் அதற்குப் பின்னால் எல்லாம் உளறல்தான்.

நான்கு என்று சும்மா சொல்லவில்லை.

3

அக்காவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூத்தவள் செல்வி. அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் நாளுக்கு நாள் வெளிறி, வயிறு மட்டும் பெருத்து, ஓடித் திரிகிற வயசுக்கு முன்பே போய்விட்டார்கள். அப்போது நான் திருச்சி ஹாஸ்டலில் இருந்தேன். ரத்த சோகை என்றார்கள், மாந்தம் என்றார்கள், தோஷம் என்றார்கள். இங்கே வந்து, ரத்தத்துக்குச் சிவப்பு தரும் புரதத்தின் எழுத்து வரிசையை வாசிக்கும் குழுவில் சேர்ந்தபோதுதான் அந்த இரண்டு முகங்களும் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தன. புத்தகத்தில் போட்டிருந்த குழந்தைகளும் அப்படியே இருந்தார்கள்.

அந்த வரிசை நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஒன்று கெட்டிருந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும்; ஆள் கொஞ்சம் வெளிறி, சீக்கிரம் களைப்பதோடு சரி. இரண்டும் கெட்டிருந்தால்தான் ரத்தம் ஊறாது. சொந்தத்திலேயே கொண்டும் கொடுத்தும் வரும் குடும்பங்களில், ஒரே கெட்ட பிரதி இரண்டு பக்கமும் இருந்து ஒரு பிள்ளையில் வந்து சேர்ந்துவிடலாம்.

இந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து சேதி வந்தது. செல்விக்கும் பழனிக்கும் பரிசம் போடுகிறார்கள், தையில் கல்யாணம். எங்கள் பக்கம் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது ஒரு விசேஷமே இல்லை, கட்டாவிட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். பழனி அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். தங்கமான பையன். செல்வி எப்போதும் வெளிறிய முகம், படி ஏறினால் மூச்சு வாங்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவு போட்டுக் கிளம்பினேன்.

பரிசத்தன்று எல்லோரும் கூடியிருக்கும்போதே சொன்னேன். அக்கா, பழனி, செல்வி மூன்று பேர் ரத்தமும் ஒரு சின்னக் குப்பி அளவு வேண்டும். அத்தான் ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அவரை விட்டுவிட்டேன். மறுநாள் டிக்கெட்டை உறுதி செய்ய நான் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அரியலூரில் ரத்தம் எடுக்கும் இடத்தைச் சொல்லி, பெயர் எழுதிய குப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது மூன்று குப்பிகளும் குச்சி ஐஸ்காரரிடம் வாங்கிய ஐஸுக்கு நடுவில், பிளாஸ்க்கில் பத்திரமாக இருந்தன. "சொன்னபடி முடிச்சாச்சு தம்பி, நீ கவலப்படாத" என்றாள் அக்கா.

பிளாஸ்க்கோடு நான் பட்ட பாடு தனிக்கதை. மெட்ராஸில் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, இந்தத் தடவை ரத்தம், அடுத்த தடவை மோரா என்று கேட்டுச் சிரித்தார். இங்கே விமான நிலையத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, பதற்றத்தில் என் பாடப்புத்தக ஜெர்மனில், "என் அக்காவின் ரத்தம், என் தம்பியின் ரத்தம், என் அக்கா மகளின் ரத்தம்" என்று வரிசையாகச் சொல்லிவிட்டேன். குடும்பத்தையே தீர்த்துக் கட்டிவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒரு அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பேராசிரியர் போனில் பேசி, அனுமதிக் கடிதம் வந்து, நான் வெளியே வருவதற்குள் ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. நல்லவேளை, ரத்தம் கெடவில்லை.

4

வேலை முடிந்த பிறகு நானும் உர்சுலாவும் வாரக்கணக்கில் உட்கார்ந்தோம். முதலில் என் ரத்தத்தையே பார்த்தேன். ஒவ்வொருவரிடமிருந்தும் நிறையப் பிரதிகளை எடுத்து வாசிக்க வேண்டும். அப்போதுதான் அப்பா பிரதியும் அம்மா பிரதியும் தப்பாமல் அகப்படும். என் பிரதிகள் எல்லாம் முழுசாக இருந்தன. மலரை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

அக்காவின் பிரதிகளில் ஏறக்குறையப் பாதியில் கணிப்பொறி ஓரிடத்தில் நான்கு சிறு கோடுகளைப் போட்டது. நான்கு எழுத்து இல்லை. பழனிக்கும் அதே இடத்தில் அதே நான்கு கோடு. அத்தான் அப்பாவின் தங்கை மகன் என்பதால், இது அப்பா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கொடுத்து எனக்கு மட்டும் கொடுக்காமல் விட்டிருக்கிறது. அதற்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் செல்வி. ஒன்று, இரண்டு என்று பார்த்துக்கொண்டே போனோம். எல்லாம் முழுசு. ஒரு கோடுகூட இல்லை. உர்சுலா எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு உயிராபத்து இல்லை. தாராளமாகக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்குத் தந்தி அடித்தேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து ருசித்துச் சாப்பிட்டேன்.

5

கார்த்திகை கடைசியில் இங்கே நல்ல பனி. கூட்டம் ஒன்றில் காட்டுவதற்காக எங்கள் நான்கு பேர் வரிசைகளையும் ஒரே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்செடுத்தேன். அதுவரை ஒவ்வொருவரையும், சரியென்று தெரிந்த மாதிரி வரிசையோடுதான் ஒப்பிட்டிருந்தேன். நாலு கோடு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தேனே தவிர, எங்களை ஒருவரோடொருவர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. படித்தவன் செய்கிற காரியமா இது?

நான்கு கோட்டுக்கு வெகுதூரம் தள்ளி, ஓரிடத்தில் அக்காவின் எல்லாப் பிரதியிலும் சி. அதே இடத்தில் செல்வியின் எல்லாப் பிரதியிலும் டி. அந்த இடத்தில் எது இருந்தாலும் உடம்புக்குக் கெடுதல் கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளை என்றால் அம்மாவின் பிரதி ஒன்று கட்டாயம் வந்தாக வேண்டும். அக்காவிடம் இருப்பது முழுக்க சி. செல்வியிடம் பாதியாவது சி இருந்தே தீர வேண்டும். ஒன்றுகூட இல்லை.

ஒன்று, செல்வி அக்கா பெற்ற பிள்ளை இல்லை. அல்லது அந்தக் குப்பியில் இருந்தது செல்வியின் ரத்தம் இல்லை. செல்வி பிறந்தபோது மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடியவனே நான்தான்.

தா.பழூர் ரைஸ் மில்லுக்கு டிரங்க் கால் போட்டேன். ஆளைக் கூட்டிவரச் சொல்லி பி.பி. கால், அக்கா வரும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, செல்வின்னு எழுதுன குப்பில யாரு ரத்தம் குடுத்தா?"

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "கலா குடுத்துச்சு. ஏன்டா?"

கலா அத்தானின் தம்பி மகள். செல்வியோடு ஒன்றாக வளர்ந்தவள்.

"செல்வி ரத்தந்தானே கேட்டேன்!"

"நல்லா கேட்ட போ. அந்தப் புள்ளைக்கு இருக்கற ரத்தமே பத்தலன்னு நீதானே சொல்ற? இருக்கறதயும் உறிஞ்சி எடுத்துட்டா மணையில எப்பிடிடா உக்காருவா? அதுவும் பரிசம் போட்ட மறுநா, பொண்ணு ஒடம்புல ஊசி குத்தி ரத்தம் எடுக்கலாமா? கலா நல்லா திடமா இருக்கா. சித்தப்பன் மவதானே, ரெண்டும் ஒரே ரத்தம். உனக்குத் தேவ ரத்தம். குடுத்தாச்சு."

அவள் சொன்னதில் எந்த இடத்தில் கை வைப்பது? சோகை பிடித்த பெண்ணிடம் ரத்தம் கேட்டவன் நான். அதைக் கொடுக்காமல் காப்பாற்றியவள் அவள்.

கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொன்னேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, ஊர் சிரிக்கும் என்று அழுதாள். "அங்க குந்திக்கிட்டு எங்க குடிய ஏன்டா கெடுக்கற?" என்று கேட்டுவிட்டு வைக்கப் போனாள். அப்போது ரிசீவர் கை மாறியது.

"பெரிய மாமா, நான் செல்வி. நானும் அன்னிக்கு அரியலூர் வந்தேங்க. என்னைய வெளியில உக்கார வச்சு சோடா வாங்கிக் குடுத்துட்டு, கலாவ உள்ள அனுப்புனாங்க. நான் குடுக்க மாட்டேன்னு சொல்லவே இல்ல. என்னைய யாரும் கேக்கல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நானும்தான் கேட்கவில்லை. பரிசத்தன்று கூட்டத்தைப் பார்த்துப் பேசினேன். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்ப குடுக்கறியாம்மா?"

"எங்க வரணும், சொல்லுங்க."

6

எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்க திருச்சியிலிருந்து ஒரு பெண் கிளம்பிக்கொண்டிருந்தாள். செல்வி யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தனியாகப் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், ரத்தம் கொடுத்து, குப்பியை அந்தப் பெண் கையில் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினாள். தை முகூர்த்தம் நின்றது. பழனி எப்போதும்போல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஊரில், ஜெர்மனிக்காரனுக்கு ஆகாமல் போச்சு என்று பேசிக்கொண்டார்களாம்.

அந்த நாட்களில் காலையில் மலரைப் பள்ளியில் விட்டு, ரொட்டி வாங்கி, விசாவை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, எல்லாம் பழக்கத்தில் நடந்தது. அந்த அலுவலகத்தில் ஒருமுறை உத்தியோகம் என்ன என்று கேட்டபோது, கேள்வி காதில் ஏறாமல், "இன்னும் தெரியவில்லை" என்று பதில் சொல்லியிருக்கிறேன். மனசு முழுக்கப் பிலிமில்தான் இருந்தது.

இந்த முறை முதலில் அக்காவின் வரிசையோடுதான் வைத்துப் பார்த்தேன். சி இருந்தது. அக்கா பெற்ற பிள்ளைதான். பிறகு நான் தட்ட உர்சுலா வாசித்தாள். மூன்றாவது பிரதியில் அவள் குரல் ஒரு கணம் நின்று, மறுபடி வாசித்தது. கணிப்பொறி நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு நான்கு கோடுகளைப் போட்டது. அதற்கப்புறமும் எல்லாவற்றையும் வாசித்தோம். ஏறக்குறையப் பாதியில் அந்த நான்கு எழுத்து இல்லை.

நேரம் சொல்லித் தந்தி அடித்துவிட்டு, மறுநாள் மில்லுக்குப் போட்டேன். செல்விதான் எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று எழுதி வைத்திருந்த தாள் முன்னாலேயே இருந்தது. அதைப் பார்க்காமல், "உனக்கும் இருக்கும்மா" என்றேன்.

மில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவளே கணக்குப் போட்டாள்.

"சின்ன மாமாவுக்கும் இருக்கு. அப்ப எங்களுக்குப் பொறக்கறதும் தம்பிங்க மாதிரி ஆவலாம்."

"எல்லாப் புள்ளையும் ஆவாதும்மா. நாலுல ஒண்ணு ஆவலாம்கிற கணக்கு."

"அம்மாவுக்கு மூணுல ரெண்டு போச்சுங்க." அவள் குரல் உடையவில்லை. "சின்னத் தம்பிய நான்தான் இடுப்புலயே வச்சிருந்தேன் மாமா. மறுபடி என்னால முடியாது. சின்ன மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன். அவரு கோவிச்சுக்க மாட்டாரு. வெளியில கட்டுனா?"

"வெளியிலயும் யாருக்காவது இருக்கும். ஆனா அப்பிடி ஒருத்தரு உனக்குன்னு வந்து அமையறது அபூர்வம். அவரு ரத்தத்தயும் பாத்துக்கலாம்."

"சரிங்க." பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு கேக்கணும். அப்ப தம்பிங்க செத்தது, அம்மா பலாச்சுளை தின்னதால இல்லியா?"

"என்ன பலாச்சுளை?"

"ரெண்டு தடவையும் மாசமா இருக்கறப்ப அம்மா ஆசைப்பட்டுத் தின்னுச்சாம். அதான் புள்ளைங்களுக்கு மாந்தம் வந்து போச்சுன்னு அப்பத்தா சொல்லும். நல்லது கெட்டதுக்கு நாலு பேரு கூடுனா அங்கயும் சொல்லும். 'வாய அடக்கத் தெரியாம ரெண்டு ஆம்பளப் புள்ளயத் தின்னுட்டா'ன்னு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவளுடைய அப்பத்தாதான் எங்களுக்கு அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அந்த அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரிடம் போய் அக்கா குறை சொல்வாள்? யாரிடமும் சொல்லாமலே இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அதனால இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அம்மா இங்கதான் நிக்குது. நீங்களே சொல்லுங்க."

ரிசீவரை வாங்கிக்கொண்டு அக்கா, "என்ன" என்றாள். மாசக்கணக்கில் என்னிடம் பேசாதவள்.

"அக்கா, பசங்க போனதுக்கு நீ தின்னதும் குடிச்சதும் காரணமில்ல. உங்கிட்ட ஒரு கொற இருக்கு, அத்தான்கிட்டயும் அதே கொற இருந்திருக்கணும். ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் புள்ளைக்கு அப்பிடி ஆவும். நீ பலாவ மூட்டயாத் தின்னிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"அவருகிட்டயுமா?"

"ஆமா. உனக்கு நம்ம அப்பாகிட்டேருந்து வந்துச்சு. அத்தானுக்கு அத்தைகிட்டேருந்துதான் வந்திருக்கும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்தேன். அங்கே யாரோ மில்லை நிறுத்தினார்கள் போலிருக்கிறது. அக்கா மூச்சு விடுவது கேட்டது.

"அத்தை போன ஆடியிலதான்டா போயி சேந்துச்சு" என்றாள். "அது காதுல விழுற மாதிரி ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதாடா தம்பி?"